எழுதாமல் விட்ட ஒரு வரி
நோயும் எண்ணும் – 14

பெருங்குடல் புற்றுநோய்க்கான குறியீடுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதே பாதையின் கடைசிச் சில சென்டிமீட்டருக்கு வருகிறோம். ஆசனவாய்க் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் அந்தச் சிறிய இடத்துக்குள்ளேயே திசு மாறிவிடுகிறது. மேலே குடலுக்குரிய சுரப்பித் திசு. கீழே தோலை ஒத்த செதிள் திசு. அதனால்தான் மலக்குடலில் பெரும்பாலும் சுரப்பித் திசுப் புற்றும், ஆசனவாயில் பெரும்பாலும் செதிள் செல் புற்றும் வருகின்றன. முன்னதற்கு அறுவை சிகிச்சையே முதுகெலும்பு. பின்னதில் பத்தில் ஒன்பது எச்.பி.வி. வைரஸால் வருவது, அதற்கு முதல் சிகிச்சை கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்தது. காரணம் வேறு, வைத்தியம் வேறு, தடுக்கும் வழியும் வேறு. இப்படிப்பட்ட இரண்டு நோய்கள் ஆவணத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்றால், அந்தப் பழியைக் குறியீட்டு முறையின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, கேஸ் ஷீட்டில் எழுதாமல் விட்ட ஒரு வரியில் தொடங்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டு முறையான ஐசிடி-10 இந்த இடத்தைக் கவனமாகவே பிரித்திருக்கிறது. மலக்குடலுக்கு சி20. ஆசனவாய்க்கு சி21, அதிலும் இடம் குறிப்பிடாத ஆசனவாய் சி21.0, ஆசனவாய்க் குழாய் சி21.1. ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் வந்தால் அது தோல் புற்றுநோயின் சி44 பிரிவுக்குப் போய்விடும். இன்னும் ஊடுருவாத, மேற்பரப்பிலேயே நிற்கும் புற்றுக்கு டி01.3. இத்தனை அறைகள் இருந்தும், நம் மருத்துவமனைகளில் வழக்கமாக எழுதப்படுவது ‘கார்சினோமா அனோரெக்டம்’ என்ற இரண்டே சொற்கள். இதைப் பார்க்கும் கோடர் ஐசிடி அட்டவணையைப் புரட்டினால் அது அவரை சி21.8 என்ற எண்ணில் கொண்டுபோய் நிறுத்தும். மலக்குடலின் அடிப்பகுதியில் தொடங்கிய சுரப்பித் திசுப் புற்றும் அந்த எண்ணுக்குள் அடங்கும்; ஆசனவாயில் தொடங்கிய செதிள் செல் புற்றும் அடங்கும். கோடர் செய்தது பிழையல்ல. எழுதாததை ஊகித்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் கிடையாது. மருத்துவருக்குக் கண்ணெதிரே தெளிவாக இருந்த ஒன்று, எண்ணாக மாறும்போது மங்கிப்போகிறது.

சிகிச்சைக்குப் பிந்தைய பதிவில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1974-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நார்மன் நிக்ரோ என்ற அறுவை மருத்துவர், மூன்று நோயாளிகளுக்குக் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். இருவருக்குப் பின்னர் அறுவை செய்தபோது அகற்றிய திசுவில் புற்றே இல்லை. மூன்றாமவர் அறுவையே வேண்டாம் என்றார், அவருக்கும் கட்டி மறைந்திருந்தது. ஆசனவாயையே அகற்றி, வாழ்நாள் முழுக்க வயிற்றில் பை கட்டும் கொடுமையிலிருந்து பல நோயாளிகளைக் காப்பாற்றிய பாதை அங்கிருந்து தொடங்கியது. ஆனால் வெட்டி எடுக்காத புற்று எந்த நாளில் ‘போய்விட்டது’ என்று சொல்வது? சிகிச்சை முடிந்து ஆறு மாதம் வரைகூடக் கட்டி மெல்லக் கரைந்துகொண்டிருக்கலாம். அமெரிக்காவில் வழங்கும் ஐசிடி-10-சிஎம் விதிப்படி, நோய் இருக்கும்வரை, அல்லது அதற்கான சிகிச்சை நடக்கும்வரை சி21. முற்றிலும் ஒழிந்து, சிகிச்சையும் முடிந்த பிறகே ‘முன்பு இருந்தது’ என்பதற்கான இசட்85.048. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளுக்குக் குறியீடு இடும் நம் இளைஞர்கள் இந்த முடிச்சை நன்கு அறிவார்கள். கதிர்வீச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர் ‘ஹிஸ்டரி ஆஃப் ஏனல் கேன்சர்’ என்று எழுதிவிட்டால், உயிரோடிருக்கும் நோய் காகிதத்தில் பழங்கதையாகிவிடும்.

“சிகிச்சையை முடிவுசெய்வது பயாப்ஸி; குறியீடு வெறும் பில்லுக்கு. அது தவறினால் நோயாளிக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை. அடுத்து வரப்போகும் நோயாளிகளைப் பொறுத்தவரை அறவே உண்மையில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆசனவாய்ப் புற்று பல மடங்கு அதிகம் என்பதை அமெரிக்காவில் உறுதிப்படுத்தியதில், எச்.ஐ.வி. பதிவேட்டையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அறிவின் மேல்தான் ‘ஆங்கர்’ ஆய்வு எழுந்தது. எச்.ஐ.வி. உள்ள, 35 வயதோ அதற்கு மேலோ ஆன சுமார் 4,400 பேரைக் கொண்ட அந்த ஆய்வு, புற்றுக்கு முந்தைய நிலையிலேயே சிகிச்சை அளித்தால் புற்றாக மாறுவது 57 சதவீதம் குறைகிறது என்று 2022-இல் காட்டியது. ஆசனவாய் வழக்குகள் மலக்குடல் கணக்கில் கரைந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்பதே கடினமாகியிருக்கும். பதிவு குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவே சான்று: இறப்புச் சான்றிதழ்களில் மலக்குடல் புற்று, பெருங்குடல் புற்று என்று ஏராளமாகத் தவறிப் பதிவாவதால், அங்கே இரண்டின் இறப்புகளையும் பிரிக்காமல் ஒரே எண்ணாகவே வெளியிடுகிறார்கள்.

“நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரமேது?” என்பது அடுத்த கேள்வி; நியாயமான கேள்வி. ஆனால் கேட்பது கட்டுரையல்ல, நான்கு விவரங்கள். கட்டி தொடங்கிய இடம், செல் வகை, அளவு, சிகிச்சை நிலை. அளவு ஏன் என்றால், மலக்குடல் புற்றைச் சுவருக்குள் எவ்வளவு ஆழம் என்று பார்த்து நிலை பிரிக்கிறோம். ஆசனவாய்ப் புற்றில் 2 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் என்ற அளவுகளே முதல் எல்லைகள். ‘ஆசனவாய்க் குழாயில் தொடங்கிய செதிள் செல் புற்று, 3 செ.மீ., கதிர்வீச்சு நடக்கிறது’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

மூன்றாவது தடை கூச்சம். இந்த உறுப்பின் பெயரை எழுதாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் கருணை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனத்தைக் குறை சொல்லமாட்டேன்; முடிவை ஏற்கமாட்டேன். அந்தரங்கத்தைக் காப்பது, ஆவணத்தை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு. ஆவணத்தை மங்கலாக்குவதால் அது காக்கப்படாது. அதே கூச்சம்தான், விரலால் பரிசோதிக்காமலே ரத்தப்போக்கை ‘மூலம்’ என்று எழுதி, கே64 என்ற எண்ணோடு நோயாளியை அனுப்பவும் வைக்கிறது. அடுத்து பார்க்கும் மருத்துவர் அந்தச் சொல்லை நம்பிவிடுவார். காரணம் தெரியாதபோது நேர்மையாகச் சொல்லவும் ஐசிடியில் வழியிருக்கிறது: ஆசனவாய், மலக்குடல் ரத்தப்போக்கு என்ற அறிகுறிக்கே கே62.5 என்று தனி எண் உண்டு. அந்த எண் தேடல் முடியவில்லை என்று சொல்லும். ‘மூலம்’ என்ற முடிவு தேடலை மூடிவிடும்.

சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் பதிவேடு, மருத்துவமனை ஆவணங்களைத் தேடிப்போய்த் திரட்டுகிறது. இடத்தையும் செல் வகையையும் தனித்தனியே குறிக்கும் முறை அங்கே இருப்பதால், சில குழப்பங்கள் பிடிபடும். எழுதவே படாததை எந்தப் பதிவேடும் மீட்க முடியாது. இன்று சிறுமிகளுக்குப் போடும் எச்.பி.வி. தடுப்பூசி, கருப்பைவாய்ப் புற்றோடு ஆசனவாய்ப் புற்றையும் குறைக்கக்கூடியது. குறைத்ததா என்று பல பத்தாண்டுகள் கழித்து அறிய, ஒப்பிட ஒரு தொடக்கக் கணக்கு வேண்டும். அது இன்று எழுதப்படும் டிஸ்சார்ஜ் சம்மரிகளிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே அந்த நான்கு விவரங்களையும் சம்மரி படிவத்திலேயே நிரப்பியாக வேண்டிய கட்டங்களாக்குவது, எந்த மருத்துவமனையும் பெரிய செலவின்றி உடனே செய்யக்கூடிய சீர்திருத்தம்.

(தொடரும்)