மென்பொருளில் ஒரு வேலியடைப்பு

யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலிகள் மலிந்திருந்த காலத்தில், வேலியடைப்பு ஆண்டுதோறும் வரும் வேலையாயிருந்தது. உக்கிய ஓலையைக் கழற்றிப் புதியதைக் கட்டும்போது, வேலியிடையே உள்ள பொட்டை அடைப்பதா, விடுவதா என்ற வினா எழும். வீட்டுக்காரர் கண்ணுக்கு அது வெறும் ஓட்டை. அடுத்த வளவு ஆச்சிக்கோ அது கிணற்றுக்கு வரும் வழி. அடைத்த மறுநாள் அவர் வாளியோடு வந்து நின்று கேட்கும்போதுதான் இது விளங்கும்.

திறந்த மூல மென்பொருளை ஆக்குவோர் இதே வினாவை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். இவ்வகை மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். பலர் கைபட்டு வளர்வதால், பழைய வசதிகள் அதிற் குவிந்துவிடுகின்றன. அவை சும்மா கிடப்பனவல்ல. புதிதாக ஒன்றைச் சேர்க்குந்தோறும், பழையது ஒவ்வொன்றும் பழுதுபடாமல் இயங்குகிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கிறது. ஊதியமின்றி உழைப்போரே பெரும்பாலும் இச்சுமையைத் தாங்குகின்றனர்.

லினக்ஸை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கியது, இன்டெல் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 386 என்னும் சில்லைக் கொண்ட கணினியிலேயாகும். பிற்காலச் சில்லுகளில் உள்ள சில கட்டளைகள் அதில் இல்லாமையால், அதற்கெனத் தனிவழி வகுக்க வேண்டியிருந்தது. 2012 டிசெம்பரில் அந்த ஆதரவு நீக்கப்பட்டது. பிறந்த வீட்டையே இடித்தாற்போன்ற செயல்தான். எனினும் அவ்வீட்டில் அப்போது குடியிருந்தோர் மிகச் சிலரே.

ஃபயர்பாக்ஸ் உலாவியின் கதை வேறு. அதன் பழைய நீட்சிகள் உலாவியின் உள்ளுறுப்புகளையே தொட்டு இயங்கின. உள்ளே எதை மாற்றினாலும் ஏதேனுமொரு நீட்சி முறிந்தது. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் அது தடையாயிற்று. 2015 ஓகஸ்டில் முன்னறிவித்து, 2017 நவம்பரில் வெளிவந்த 57ஆம் பதிப்பில் அம்முறையை நீக்கிவிட்டனர். திருப்பி எழுத ஆளிருந்த நீட்சிகள் பிழைத்தன. ஆக்கியோன் வேறு தொழிலுக்குப் போய்விட்டவை மாண்டன. பழைய எழுத்துருக்களில் அமைந்த இந்திய மொழித் தளங்களை ஒருங்குறியாக்கிக் காட்டிய ‘பத்மா’ என்னும் நீட்சியும் அப்பழைய முறையில் எழுந்ததே.

இங்கேதான் விடயம் யாழ்ப்பாணத்தைத் தொடுகிறது. இப்பகுதியின் அச்சகங்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய எழுத்துரு பாமினி. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. அகரம் ஆங்கில ‘எம்’ இருக்கும் இடத்திலும், மகரம் ‘கே’ இருக்கும் இடத்திலும் அமர்ந்துள்ளன. ஆகவே கணினி சேமித்து வைப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு இல்லாத இடத்தில் அக்கோப்பு வெறும் பிதற்றலாகத் தோன்றும். அதனை ஒருங்குறியாக மாற்றும் பகுதி ‘ஓப்பன் தமிழ்’ போன்ற திறந்த மூலத் தொகுப்புகளில் உண்டு. பாமினியை அறியாத ஒருவர் துப்புரவு செய்யப் புகுந்தால், அத்தகைய பகுதி செத்த நிரல் என்றே அவருக்குத் தோன்றக்கூடும்.

அவரைக் குறைகூறுதல் எளிது. ஆனால் முழு நியாயமன்று. ஒரு வசதியை நீக்குமுன், அது கைவிடப்படவுள்ளதென வெளியீட்டுக் குறிப்பில் எச்சரித்துச் சில பதிப்புகள் வரை காத்திருப்பது நல்வழக்கு. அக்காலத்தில் எவரும் பேசாவிட்டால், பயன்படுத்துவோர் இல்லையென்றே கொள்ளப்படும். அச்சகத்து மூலையில், இணையத் தொடர்பற்ற கணினியின் முன் இருப்பவர் பேசுவதில்லை. ஆச்சி வாளியோடு வந்தாள், இவர் வருவதில்லை.

நீக்கிய நிரல் அடியோடு அழிவதில்லை என்பது உண்மையே. பதிப்பு வரலாற்றில் அது கிடக்கும். வேண்டியவர் அதை மீட்டுத் தனிக்கிளையாக வளர்க்கலாம். ஆயினும் அதைத் தேடத் தெரிந்தவரும், புதிய கணினிக்கு ஏற்பத் திருத்த வல்லவரும் வேண்டும். கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் எனப் பாமினியில் கோத்தவை இன்னும் பழைய இறுவட்டுகளில் உள்ளன. மாற்றும் நிரல் இன்று இயங்குகிறது. இறுவட்டுகளும் இன்னும் பல படிக்கக்கூடியனவாகவே உள்ளன.