முந்தற்கரையும் நாட்டின் காவலும்

நாட்டுப் பாதுகாப்பு என்றவுடன் படையணிகளும் பீரங்கிகளும் போர்க்கப்பல்களுமே பலருடைய மனக்கண்முன் தோன்றுகின்றன. வெளிநாட்டுக் கொள்கை என்றவுடன் தூதுவர்களும் மாநாடுகளும் நினைவுக்கு வருகின்றன. முன்னது போர்வீரரின் தொழில், பின்னது இராசதந்திரிகளின் தொழில் என்று பிரித்தெண்ணுவது உலக வழக்கு. ஆயின், ஒரு சிறிய நாட்டின் வாழ்வில் இவ்விரண்டையும் பிரித்தல் இயலாது. ஒரே பருவத்தில் விதைத்து, அதே பருவத்தில் அறுத்துக்கொள்ளும் பயிரும் இதுவன்று. பனை நட்டவர் ஒருவராக, பயன் கொள்வோர் அவருடைய பேரராக இருத்தலே இத்துறையின் இயல்பு. அதனாலேயே நெடுநாள் திட்டம் என்னும் சொல் இங்கே பெரும் பொருளுடையதாகின்றது.

இவ்வுண்மையைத் தலைநகரத்து அலுவலகங்களில் இருந்து காண்பதிலும், ஓர் எளிய கடற்கரையில் நின்று காண்பது தெளிவு தரும். இலங்கையின் வடமேற்கே, சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில் முந்தல் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊரை அடுத்து முந்தற் களப்பு. களப்புக்கு அப்பால் ஒடுங்கிய மணல் நிலம். அதற்கும் அப்பால் பெருங்கடல். அம்மணல் நிலத்தில் உடப்பு என்னும் பழைய தமிழ்க் கிராமம் உள்ளது. அம்பாப் பாட்டின் ஒலியோடு கரைவலை இழுப்பது அவ்வூர் மக்களின் வழிவழித் தொழில். சுற்றிலும் தென்னந்தோட்டங்களும் இறால் வளர்ப்புக் குளங்களும் உப்பளங்களும் காணப்படுகின்றன. எனினும், கடந்த நான்கு நூற்றாண்டுகளில் இத்தீவின் காவலைக் குறித்து எங்கெங்கோ இடப்பட்ட கையெழுத்துகளின் விளைவுகள் இக்கரையை வந்து தொடாமற் போனதில்லை.

திருக்குறளின் பொருட்பாலில் 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. அதனைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆராய்ந்து செயற்படுதல் என்பதை முதலில் வைத்து, அவ்வாராய்ச்சிக்குரிய மூன்று பொருள்களைப் பின்னர் வைத்த முறை கருதத்தக்கது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இக்கரையின் வரலாற்றை நோக்கலாம்.

முதலில் வலியறிதல். 1638ஆம் ஆண்டு மே மாதம் கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கன், போர்த்துக்கேயரைத் தீவினின்றும் அகற்றும் பொருட்டு ஒல்லாந்தரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். போர்ச் செலவை மன்னர் ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவதைப் பற்றிய விதியில், மன்னர் விரும்பினால் மட்டுமே என்னும் கருத்துடைய சொற்றொடர் போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியில் அது காணப்படவில்லை. 1656இல் கொழும்புக் கோட்டை வீழ்ந்தது. ஆனால் அது மன்னர் கைக்கு வரவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனை இன்றும் பழமொழியாகக் கூறுவர்.

அதன் விளைவு வடமேற்குக் கரைக்கு விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1667இல் முந்தலுக்கு வடக்கே உள்ள கற்பிட்டியில் ஒல்லாந்தர் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினர். 1676இல் அது முற்றுப்பெற்றது. கண்டி நாட்டின் பாக்கு வெளிச்செல்லவும், மலைநாட்டுக்கு வேண்டிய உப்பும் துணியும் உட்செல்லவும் புத்தளமே வாயிலாக விளங்கியது. அக்களப்பைக் காக்கும் இடத்தில் அயலாரின் கோட்டை எழுந்தபின், கண்டியின் வாணிபமும் வெளியுலகத் தொடர்பும் பிறர் அனுமதிக்கு உட்பட்டன. பின்னாளில் நீர்கொழும்பு, சிலாபம், முந்தற் களப்பு, புத்தளம் ஆகியவற்றை இணைத்து ஓடிய நீர்வழி ஒல்லாந்தர் கால்வாய் என்றே இன்றும் வழங்குகின்றது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவைச் சூழ்ந்த கரை முழுவதும் ஒல்லாந்தக் கம்பெனிக்கு உரியதாயிற்று. துணைக்கு ஆள் அழைத்த நாளுக்கும் கடற்கரை முழுவதையும் இழந்த நாளுக்கும் இடையே கழிந்தவை 128 ஆண்டுகள்.

மன்னரிடத்தில் மலையும் காடும் வீரரும் இருந்தனர், கப்பல்கள் இல்லை. கப்பல் இல்லாதவர் கப்பல் உடையவரோடு செய்யும் உடன்படிக்கையில் சொல் ஒன்றே கவசம். அச்சொல் இரு படிகளிலும் ஒத்திருக்கின்றதா என்று நோக்குவது எழுத்தரின் சிறு வேலையன்று. அதுவே நாட்டின் முதற்காவல். தன் வலியின் எல்லையை அறிந்தவனுக்கே அச்சொல்லின் விலை தெரியும்.

அடுத்தது காலமறிதல். 1942ஆம் ஆண்டு சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பையும் 9ஆம் நாள் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. அப்போரின்போது புத்தளத்தை அடுத்த பாலாவியில் பிரித்தானியர் ஒரு விமானத்தளம் அமைத்திருந்தனர். சேற்றில் அகப்பட்ட விமானங்களை யானையைக் கொண்டு இழுத்த காட்சிகள் அக்காலப் படங்களில் உள்ளன. உலகப் போர் தம் தோட்டங்களின் எல்லை வரை வந்ததை வடமேற்குக் கரை மக்கள் கண்ணாரக் கண்டனர்.

அந்நினைவு மறையாத நிலையில், 1947ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் இலங்கை பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்தது. திருகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்கா விமானத்தளத்தையும் பிரித்தானியப் படைகள் தொடர்ந்து பயன்படுத்த அது இடமளித்தது. 1948 பெப்ரவரி 4ஆம் நாள் விடுதலை பெற்ற நாட்டுக்கு அன்று சொந்தமாக நிலையான படை இருக்கவில்லை. தரைப்படை 1949இலும், கடற்படை 1950இலும், வான்படை 1951இலுமே தோன்றின. இந்நிலையில் பழைய ஆட்சியாளரின் துணையை நாடியதற்குக் காரணம் இல்லாமலில்லை.

ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. 1948இல் ஐக்கிய நாடுகள் சபையில் இடம் வேண்டி இலங்கை விண்ணப்பித்தபோது, அதன் சுதந்திரத்தைப் பற்றி ஐயம் எழுப்பிய சோவியத் ஒன்றியம் தன் தடைவாக்கைப் பயன்படுத்தியது. 1955 டிசம்பரிலேயே இலங்கைக்கு அச்சபையில் இடம் கிடைத்தது. படைத்தளத்தைப் பற்றிய ஒரு தீர்மானம் தூதுத்துறையின் கதவொன்றை ஏழாண்டுகள் அடைத்து வைத்தது எனலாம். பின்னர் 1957இல், பண்டாரநாயக்கா பிரதமராக இருந்த காலத்தில், அவ்விரு தளங்களும் பேச்சுவார்த்தையின் வழியாகவே இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. 1638இன் உடன்படிக்கையோடு இதனை ஒப்பிட்டு நோக்க வேண்டும். ஒரு துணையை ஏற்கும்போதே, அத்துணை தேவையற்றுப் போகும் காலத்தையும், மனக்கசப்பின்றி அதனை விலக்கும் வழியையும் எண்ணி வைப்பது காலமறிதலின் பாற்பட்டது.

அக்காலத்தின் மற்றொரு முடிவும் குறிப்பிடத்தக்கது. கொரியப் போரின் காரணமாக அரிசி விலை ஏறி, இறப்பர் விலை இறங்கிய வேளையில், 1952 டிசம்பரில் இலங்கை சீனாவுடன் ஐந்தாண்டு வாணிப ஒப்பந்தம் செய்தது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி பெறுவது அதன் சாரம். அமெரிக்க உதவியைப் பெறும் தகுதியை அதனால் இழக்க நேரிட்டும், பொதுவுடைமைக் கொள்கையை ஏற்காத அன்றைய அரசு இம்முடிவைத் துணிந்து எடுத்தது. சீனாவோடு தூதரகத் தொடர்பு ஏற்பட்டதோ 1957இலேதான். கூப்பன் கடையில் பங்கீட்டு அரிசிக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்த ஒப்பந்தம் எந்தப் பீரங்கியிலும் பெரிய பாதுகாப்பாயிற்று. பசித்திருக்கும் நாட்டை எந்தப் படையாலும் காத்தல் இயலாது.

மூன்றாவது இடனறிதல். தீவு என்பது நிலம் மட்டுமன்று. அதனைச் சூழ்ந்த கடலும் சேர்ந்ததே தீவு. இதனை உணர்ந்து 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் கடலெல்லை உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. 1976 மார்ச்சில் கைச்சாத்தானது கற்பிட்டிக்கு வடக்கே விரியும் மன்னார் வளைகுடாவைப் பற்றியது. அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் கடல் வலயச் சட்டத்தையும் இயற்றியது. இவ்வாறு இன்று இலங்கைக்கு உரிமையான கடற்பரப்பு நிலப்பரப்பைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். உலக நாடுகள் கூடிக் கடற்சட்டம் வகுத்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் தூதுவர் சேர்லி அமரசிங்க ஆவார். அவர் 1980இல் காலமான பின்னரே, 1982இல், அச்சட்டம் நிறைவுற்றது. எல்லை கீறப்பட்டு 35 ஆண்டுகள் கழிந்து, 2011இல், மன்னார்ப் படுகையில் இலங்கையின் பக்கத்தில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. அப்போது அயலவர் எவரும் உரிமை கோரி எழவில்லை. பனை நட்டவர் ஒருவர், பயன் கொள்வோர் வேறொருவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

எனினும், கடற்படத்தில் கீறிய கோடு கரையில் வாழ்வோரின் வயிற்றை நிரப்புவதில்லை. பாக்கு நீரிணையில் எல்லை தீர்ந்தபோதும் மீன்பிடிப் பிணக்குத் தீரவில்லை. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் தமிழகத்து இழுவைப் படகுகளுக்கும் வடபகுதிச் சிறுதொழில் மீனவருக்கும் இடையிலான துன்பம் தொடர்கின்றது. இருபுறமும் இருப்போர் ஒரே மொழி பேசும் ஏழைத் தொழிலாளர் ஆவர். கோட்டைக் கீறியவர்கள் இருகரை மக்களின் பிழைப்பையும் அன்றே திட்டமிட்டிருந்தால், இப்பிணக்கு இவ்வளவு முதிர்ந்திராது.

உள்நாட்டின் நிலையும் இதனோடு பிணைந்ததே. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, அவர்களுள் மிகப் பலர் அடைக்கலம் புகுந்தது புத்தளம் மாவட்டத்திலேயே ஆகும். பல ஆயிரம் குடும்பங்கள் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தன. 2009 மே மாதத்தில் முடிவுற்ற நெடும்போர் எல்லா இனத்தவரையும் வருத்தியது. குடிமக்களுக்குள் நம்பிக்கை குலைந்த நாட்டில், அயலார் தலையீட்டுக்கு வாயில் தானாகவே திறக்கும். ஆதலின் சமூகங்களுக்கு இடையேயான நம்பிக்கையும் பாதுகாப்புத் திட்டத்தின் ஓர் உறுப்பேயாகும்.

காவலும் தூதும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கினால் நேரும் கேட்டை 2019ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு சனவரியில் புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் பெருமளவு வெடிபொருள் கைப்பற்றப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் வெளிநாட்டு உளவுத்துறையிடமிருந்து எச்சரிக்கையும் வந்தது. இரண்டையும் இணைத்து நோக்கி உரிய நேரத்தில் நடவடிக்கை எடுப்பார் இல்லை. ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1977 வரை பாதுகாப்பும் வெளிவிவகாரமும் ஒரே அமைச்சாகப் பிரதமரின் பொறுப்பில் இருந்தன. அதன்பின் அவை பிரிந்தன. பிரிந்தது குற்றமன்று. பிரிந்த இரண்டும் நாள்தோறும் கூடி ஆராயும் ஒழுங்கு தளர்ந்ததே குற்றம். கரைவலையின் இரு கயிறுகளையும் இரு குழுவினர் தனித்தனியே இழுக்கின்றனர். ஆயினும் பாட்டு ஒன்றாக இருப்பதாலேயே வலை கோணாமல் கரையேறுகின்றது.

பொருள்வலியையும் மறத்தலாகாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென இலங்கை அறிவித்தது. எரிபொருளுக்காக மக்கள் வரிசையில் நின்ற அந்நாட்களில், கையிருப்பில் வெளிநாட்டுச் செலாவணி இல்லாமையும் ஒரு பாதுகாப்புக் குறைவே என்பது விளங்கிற்று. 200,783 பேர் கொண்ட தரைப்படையை 2030க்குள் 100,000 ஆகக் குறைக்கும் திட்டத்தை 2023 சனவரியில் அரசு வெளியிட்டது. எண்ணிக்கையைக் குறைத்தல் எளிது. விடுவிக்கப்படும் வீரருக்குத் தொழிலும், எஞ்சிய படைக்குக் கடலையும் வானையும் காக்கும் பயிற்சியும் அளித்தலே கடினம். திட்டத்தின் தரம் அதனால் அறியப்படும்.

இன்று முந்தலுக்கு வடக்கே நுரைச்சோலையில் சீனக் கடனால் எழுந்த அனல்மின் நிலையம் நாட்டுக்கு மின்சாரம் வழங்குகின்றது. தெற்கே அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் உள்ளது. 2025 ஏப்ரலில் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு ஒன்று கைச்சாத்தாயிற்று. இவற்றுள் எதனையும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நன்றென்றோ தீதென்றோ கூறிவிடல் முறையன்று. நம்முடைய வலி இவ்வொப்பந்தத்தைத் தாங்குமா? இது தேவையற்றுப் போகும் காலத்தில் விலகும் வழி உண்டா? நம் கடலும் கரையும், அவற்றை நம்பி வாழ்வோரும் இதில் எண்ணப்பட்டனரா? இம்மூன்று வினாக்களையும் பாராளுமன்றத்திலும் பத்திரிகையிலும் பள்ளியிலும் எழுப்புவது குடிமக்களின் கடமை. அரசுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறலாம். அவை இடும் கையெழுத்துகள் மாறுவதில்லை. 1638இல் ஒரு சொற்றொடர் விடுபட்டதன் பயனை ஐந்து தலைமுறையினர் சுமந்தனர். இன்று எழுதப்படும் சொற்களின் பயனைச் சுமப்போர் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் சார்பாக அச்சொற்களைப் படித்துப் பார்ப்பதே நெடுநாள் திட்டத்தின் தொடக்கமாகும்.