எஞ்சின் கொதிப்பின் காரணம் காணல்

எரிபொருளின் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் உலோகச் சுவர்களில் வெப்பமாகப் பாய்கிறது. எரியும் வளிமத்தின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகும். இவ்விரண்டிற்கும் நடுவே காவல் நிற்பது, எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓயாது சுழன்றுவரும் குளிர்நீர்மம்.

அக்காவல் தளர்ந்தால் வெப்பமானியின் முள் உயரும். முள் விளைவை உரைக்குமே அன்றிக் காரணத்தை உரைக்காது. வெப்பம் எப்போது ஏறுகிறது என்னும் வினாவே காரணத்திற்கு வழிகாட்டும்.

நெரிசலில் நிற்கையில் ஏறி, ஓட்டத்தில் தணியுமாயின் விசிறியை ஐயுற வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு. நிற்கும் வண்டிக்கு விசிறியே காற்று. நெடுஞ்சாலை வேகத்திலும் மலையேற்றத்திலும் மட்டும் ஏறுமாயின், ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைபட்டோ பம்பின் பாய்ச்சல் குன்றியோ இருக்கலாம். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே எஞ்சின் கொதித்து, ரேடியேட்டர் குளிர்ந்தே கிடந்தால், ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கக்கூடும். நீர்மமே வற்றியிருப்பினும் இந்நிலை தோன்றும்.

ரேடியேட்டர் மூடியின் பணியும் பெரிது. நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த நீர்மம் திறந்த கலத்தில் 107 டிகிரியளவில் கொதிக்கும். மூடி தாங்கும் ஏறத்தாழ 1 பார் மிகையழுத்தத்தில் அவ்வெல்லை 125 டிகிரியைக் கடக்கும். மூடியின் சுருள்வில் தளர்ந்தால், பிற உறுப்புகள் நலமாயிருந்தும் நீர்மம் எளிதில் கொதித்து வெளியேறும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் வீழ, நீர்மம் ஆவியாய்ச் சீறி உடலைச் சுடும்.

வெளியே கசிவின்றி நீர்மம் குறைந்து, வெண்புகை நீடித்து, எண்ணெய் பால்நிறம் கொண்டால், சிலிண்டர் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பழுதென ஐயுறலாம். ரேடியேட்டர் வாயில் எழும் வளியை நீலச் சோதனை நீர்மத்தினூடே செலுத்தினால், எரிவளிமத்தின் கார்பன் டை ஆக்சைடு அதனை மஞ்சளாக்கி ஐயத்தை உறுதிசெய்யும்.

முள் திடீரென இறங்குவதும் நலத்தின் அடையாளம் ஆகாது. நீர்மம் வற்றினால் உணரி வெற்றுவெளியில் நின்று பொய்யளவு காட்டலாம். ஆகவே கொதிப்பின் முதற்குறி கண்டதும் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். அந்நிலையில் மேலும் ஓட்டினால் சிலிண்டர் தலை கோணி, சிறு பழுது பெருஞ்செலவாகும். எஞ்சின் ஆறியபின் நீர்மத்தின் அளவு, கசிவு, மூடி, விசிறி, தெர்மோஸ்டாட் என எளியதிலிருந்து அரியதை நோக்கி ஆராய்க. காரணம் தெளியாமல் உறுப்புகளை மாற்றுவது பொருளைக் கரைக்கும், பழுதைப் போக்காது.