கார் நிறுத்துமிடத் தரைக்கு எப்போக்சி பூச்சு – பட்டறிந்தவன் சொல்வது



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது எதை எழுதுவதென்று சற்றே தயங்கினேன். சமய நூல்களைக் கற்றுத் துறைபோகிய பெரியவர்கள் பலர் இம்மலரை அணிசெய்கின்றனர். நானோ பள்ளியில் கணிதமும் அறிவியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் நிர்வாகக் குழுக் கூட்டம் முடிந்து காலணி மாட்டும் வேளையில் அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சார், உங்கள் வீட்டுக் கார் போர்ச் தரை மட்டும் எப்படி உரியாமல் இருக்கிறது? எங்கள் வீட்டில் ஆறே மாதத்தில் தோல் தோலாகக் கிளம்பிவிட்டதே!" என்பதே அது. அதற்கு நின்றபடி ஓரிரு வார்த்தைகளில் பதில் சொல்ல இயலாது. எனவே அதையே கட்டுரையாக்கித் தருகிறேன். இது வெற்றிக் கதை மட்டுமன்று. என் தோல்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் நடந்தது

எங்கள் வீடு கிள்ளானில் 1980-களில் கட்டப்பட்ட வரிசை வீடு. கார் நிறுத்துமிடம் 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, அதாவது 2016-இல், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, கறுத்துப்போன சிமெண்டுத் தரையை அழகுபடுத்த விரும்பினேன். குத்தகையாளர் ஒருவர் வந்து பார்த்தார். "இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் சார், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். விலையும் மலிவு. தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவினார். மறுநாள் காலையிலேயே சாயத்தை உருட்டிவிட்டார். தீபாவளிக்கு வந்த விருந்தினர் அனைவரும் பாராட்டினர்.

டிசம்பரில் கார்ச் சக்கரம் நிற்கும் நான்கு இடங்களிலும் சாயம் டயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சுவரோரம் கொப்புளங்கள் எழுந்தன. ஒன்றைக் குத்திப் பார்த்தேன், உள்ளே தண்ணீர். உரிந்த இடத்தில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. இவையெல்லாம் பணநட்டம் மட்டுமே. ஆனால் 2017 ஜனவரியில், மழைச்சாரல் அடித்த ஒரு நாள், சந்தையிலிருந்து திரும்பிய என் துணைவியார் உரியாமல் பளபளத்த பகுதியில் கால் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. 'கண்ணாடி மாதிரி' என்ற சொல்லின் முழுப்பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. அவர் வாய்திறந்து என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிக வருத்தம் தந்தது. இந்தத் தரையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இனி ஒரு வெள்ளியும் செலவழிப்பதில்லை என்று உறுதி கொண்டேன்.

எப்போக்சி என்பது என்ன?

1930-களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான், 1940-களில் அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீ ஆகியோரின் ஆய்வுகளால் பயன்பாட்டுக்கு வந்த பிசின் வகை இது. சாதாரணச் சாயம் உலர்வதால் கெட்டியாகிறது. எப்போக்சியோ உலர்வதன்று, இறுகுவது. ஒரு டின்னில் பிசின், மற்றொன்றில் ஹார்டனர். இரண்டும் கலந்தவுடன் வேதிவினை தொடங்குகிறது; வெப்பம் வெளிப்படுகிறது. எனவே, அளவு விகிதம் பிசகக்கூடாது. ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் விரைவில் இறுகும் என்பது தவறான எண்ணம், பூச்சு கெட்டுப்போகும்.

நம் நாட்டு வெப்பத்தில் கலவை வாளியிலேயே விரைவாக இறுகத் தொடங்கிவிடும். ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேலைக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடும் என்பது தொழிலில் உள்ளோரின் கணக்கு. கலந்தவுடன் தரையில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். வாளியில் குவிந்திருந்தால் தன் வெப்பத்தாலேயே தான் இறுகும்.

ஒரு சிறு கணக்கு

தொழிற்சாலைகளுக்குத் தரை பூசும் வேலையில் இருக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். "சார், எத்தனை லிட்டர் பூசினார்கள்?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. 5 லிட்டர் என்றேன். "நீங்கள் கற்றுக்கொடுத்த கணக்குத்தானே சார், போட்டுப் பாருங்கள்" என்று சிரித்தார்.

1 சதுர மீட்டரில் 1 லிட்டரைப் பரப்பினால் கனம் 1 மில்லிமீட்டர். பூசியதோ தண்ணீர் கலந்த வகை. அதில் இறுகி நிற்கும் பொருள் பாதி, மீதி ஆவியாகிவிடும். எனவே 5 லிட்டரில் நின்றது 2.5 லிட்டர். அதை 30 சதுர மீட்டரால் வகுத்தால் 0.08 மில்லிமீட்டர் வருகிறது. நாம் எழுதும் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளைவிட மெல்லிய தோலின் மீது நான் காரை நிறுத்தியிருக்கிறேன்! கரைப்பான் கலவாத எப்போக்சியை 0.3 மில்லிமீட்டர் கனத்தில் பூச வேண்டுமானால் இத்தரைக்கு 9 லிட்டர் தேவை. சேதாரத்தையும் சேர்த்தால் 10 லிட்டர். மலிவின் மர்மம் இக்கணக்கில் வெளிப்பட்டுவிட்டது.

எதிரி மேலே இல்லை, கீழே இருக்கிறது

சிமெண்டுத் தரை கல்லைப்போல் தோன்றினாலும் நுண்துளைகள் நிறைந்தது. மண்ணிலுள்ள ஈரம் ஆவியாக அத்துளைகள் வழியே ஏறி வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தரைக்கடியில் பாலித்தீன் விரிப்புப் போடப்பட்டிருந்தால் அது தடுக்கப்படும். பழைய வீடுகள் பலவற்றில் அவ்விரிப்பு இருக்காது, இருந்தாலும் கிழிந்திருக்கலாம். வெறுந்தரையாக இருந்தவரை நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்த ஈரம், மேலே பூச்சு வந்தவுடன் அடைபடுகிறது. அதுவே கொப்புளமாகிறது, பிடிமானத்தை அறுக்கிறது.

இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் அடைத்து, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். வறண்டிருந்தால் அது நல்ல அறிகுறியே தவிர முழு உத்தரவாதமன்று. எனவே ஒரே இடத்தில் செய்யாமல் சுவரோரம், நடுப்பகுதி, கால்வாய்ப் பக்கம் என மூன்று இடங்களில் செய்வது நலம்.

நான் செய்தபோது நடுப்பகுதி வறண்டிருந்தது, சுவரோரம் நனைந்திருந்தது. காரணத்தைத் தேடினேன். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் கால்வாயில் சேராமல், தரையின் விளிம்பில் மண்ணிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக என் கண்முன்னே நடந்தது அது! பிப்ரவரியில் குழாயை நீட்டி, வெடித்திருந்த கால்வாயையும் பூசி அடைத்தேன். ஜூன் மாதம் மீண்டும் சோதித்தேன். மூன்று இடங்களும் வறண்டிருந்தன. "அகல உழுவதிலும் ஆழ உழு" என்று நம் முன்னோர் சொன்னது தரைக்கும் பொருந்துகிறது.

பிடிமானமும் நேரமும்

பழைய சாயத்தையும் சிமெண்டின் மேலுள்ள வலுவற்ற ஏட்டையும் வைரக்கல் பொருத்திய கிரைண்டர் கொண்டு அரைத்து எடுக்க வேண்டும். தரை சொரசொரப்பான மணற்காகிதம்போல் ஆகவேண்டும். ஒரு துளி நீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும்; முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ இன்னும் இருக்கிறது. அமிலம் ஊற்றிக் கழுவும் முறையும் உண்டு. ஆனால் அது தரைக்குள் மீண்டும் ஈரத்தை ஏற்றுகிறது, கையாள்பவருக்கும் ஆபத்து. அரைக்கும் தூசியும் நுரையீரலுக்குக் கேடு. தூசி உறிஞ்சும் கருவியும் தக்க முகக்கவசமும் இன்றி இவ்வேலையைத் தொடங்க விடாதீர்கள். ஹார்டனர் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம், கையுறை அவசியம். புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரையாயின் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். தரையின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் விதி. காலை 7 மணிக்கு 25 டிகிரியும் 95 விழுக்காடு ஈரப்பதமும் என்றால் பனிநிலை 24 டிகிரி. தரையும் 25 டிகிரி என்றால் இடைவெளி 1 டிகிரிதான். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல் பூசுவதாகிவிடும். மழையில்லாத பிற்பகலில் 32 டிகிரியும் 60 விழுக்காடும் என்றால் பனிநிலை 23 டிகிரி. தரை 30 டிகிரி என்றால் இடைவெளி 7 டிகிரி. எனக்குக் காலையில் பூசியது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. காலையில் தரை சூடேறும்போது நுண்துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளியேறி, பூச்சில் ஊசித்துளைகளை உண்டாக்கும். மிகவும் தாமதித்துப் பூசினாலும் கேடுதான்: ஹார்டனர் இரவின் ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் வினைபுரிந்து மெழுகுபோன்ற வெண்படலம் படியும், அதைக் கழுவி நீக்காவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது. ஆகவே தரையின் சூடு ஏறி முடியும் பிற்பகல் 1 அல்லது 2 மணிக்குத் தொடங்கினோம்.

மாதமும் முக்கியம். நம்மவர் தீபாவளிக்கு முன்பு அக்டோபரில் அவசரமாகப் பூசுகின்றனர். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பருவம் மாறும் அக்காலத்தில்தான் பிற்பகல் இடிமழை அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே இறுதி முதல் செப்டம்பர் வரை பெரும்பாலான மாநிலங்களில் மழை குறைவு. நாங்கள் ஜூலையில் செய்தோம். பதறாத காரியம் சிதறாது அல்லவா?

மேற்பூச்சும் வழுக்காமையும்

முதலில் ஈரம் தாங்கும் பிரைமர், பின்பு எப்போக்சி. அது ஈரமாக இருக்கும்போதே நுண்மணல் தூவினோம். நாம் வெறுங்காலோடு நடக்கும் மக்கள். போர்ச்சை நீர் ஊற்றிக் கழுவும் மக்கள். ஆகவே சொரசொரப்பு இல்லாத பூச்சு நம் வீடுகளுக்கு ஆகாது. கடைசியாகப் பாலியூரித்தேன் மேற்பூச்சு. எப்போக்சி வெயிலில் மஞ்சளித்து மங்கும் தன்மையது. நம் போர்ச்சுகளின் முன்பகுதியில் வெயில் நேராக விழுவதால், வெயில் தாங்கும் 'அலிஃபாட்டிக்' வகைப் பாலியூரித்தேன் தேவை.

மறுநாள் நடக்கலாம், ஆனால் காரை ஏழு நாள் கழித்தே ஏற்றினேன். ஓடிவந்த டயர் சூடாக இருக்கும். அது குளிர்ந்து சுருங்கும்போது முழுதும் இறுகாத பூச்சைப் பிய்த்துக்கொண்டு வரும். முதல் முறை நான்கு சக்கர இடங்களும் உரிந்ததற்கு, தரையைச் சரிவர அரைக்காததோடு இதுவும் காரணம்.

ஆண்டுகள் பல கடந்தும் தரை நிற்கிறது. முன்சக்கரம் திரும்பும் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து, ஒருமுறை தொட்டுப் பூச வேண்டியிருந்தது. துணைவியார் மழை நாளிலும் அச்சமின்றி நடக்கிறார். எனக்கு அதுவே நிறைவு.

குத்தகையாளரிடம் கேட்க வேண்டியவை

1. தரையின் ஈரத்தைச் சோதித்தீர்களா?
2. அரைப்பீர்களா, கழுவ மட்டும் செய்வீர்களா?
3. எத்தனை லிட்டர்? அதில் இறுகி நிற்கும் பங்கு எவ்வளவு?
4. எந்த நேரத்தில் பூசுவீர்கள்? மழை வந்தால் நிறுத்துவீர்களா?
5. வழுக்காமைக்கு என்ன தூவுவீர்கள்?
6. வெயில் படும் பகுதிக்கு என்ன மேற்பூச்சு?

இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். எவ்வளவு முயன்றும் ஈரம் நிற்கவில்லையெனில் சாதாரண எப்போக்சியைப் பூச வேண்டாம். ஆவியை வெளியேவிடும், ஆனால் நீரை உறிஞ்சவிடாத சிலேன் வகைத் திரவத்தை ஊறவிடலாம். அல்லது வழுக்காத ஓடு பதிக்கலாம். சில தரைகளை அப்படியே விட்டுவிடுவதும் அறிவுடைமையே.

உழைத்துச் சேர்த்த பணம், கோயிலுக்குக் கொடுப்பதாயினும் வீட்டுக்குச் செலவிடுவதாயினும், கேட்டறிந்து செலவிடப்பட வேண்டும். நான் கேளாமல் செலவிட்டதன் விலையை என் துணைவியாரின் கை கொடுத்தது. அன்பர்கள் எவருக்கும் அந்நிலை வாராதிருக்க இச்சிறு கட்டுரை உதவுமானால் மகிழ்வேன்.