பெர்சி ஜாக்சனுக்கு வயசை ஏத்தினாங்க... கதை என்னாச்சு?

தலையில் பாம்புகள் நெளியும் மெடூசாவை நேருக்கு நேர் பார்த்தால் கல்லாகிவிடுவோம். அப்புறம் எப்படிச் சண்டை போடுவது? கிரேக்கப் புராணத்தில் பெர்சியஸ், பளபளக்கும் கேடயத்தில் அவளுடைய பிம்பத்தைப் பார்த்தபடியே தலையை வெட்டினான். 2010-ல் வெளியான ‘பெர்சி ஜாக்சன் அண்ட் தி ஒலிம்பியன்ஸ்: தி லைட்னிங் தீஃப்’ படத்தில் ஹீரோ பெர்சி எடுத்தது ஐபாட். அதன் கண்ணாடி மாதிரியான பின்பக்கத்தில் பார்த்துத்தான் மெடூசாவைச் சமாளிக்கிறான்.

ஐடியா சூப்பர்தானே? முதல் இரண்டு ‘ஹாரி பாட்டர்’ படங்களை எடுத்த கிறிஸ் கொலம்பஸ்தான் இயக்குநர். மெடூசாவாக உமா தர்மன், ஜீயஸாக ஷான் பீன், குதிரை உடல் கொண்ட கைரானாக பியர்ஸ் பிராஸ்னன். இவ்வளவு இருந்தும், நாவலின் ரசிகர்கள் இந்தப் படத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஏன்?

கதை என்ன?

கடவுள்களின் அரசன் ஜீயஸின் மின்னல் ஆயுதம் திருடுபோகிறது. பழி, நியூயார்க்கில் அம்மாவுடன் வாழும் பெர்சி மேல் விழுகிறது. கடல் தெய்வம் பொசைடன்தான் தன் அப்பா என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியவருகிறது. அதீனாவின் மகள் அனபெத், பாதி ஆடு பாதி மனிதனான நண்பன் க்ரோவர் ஆகியோருடன் அமெரிக்காவின் குறுக்கே பயணம் கிளம்புகிறான். நாஷ்வில் நகரில் நிஜமாகவே இருக்கும் பார்த்தினன் கோயிலின் முழு அளவு நகலில் ஹைட்ராவுடன் சண்டை. லாஸ் வேகாஸில், உள்ளே போனால் நேரம் போவதே தெரியாத லோட்டஸ் கசினோ. பாதாள உலகத்துக்கு வழி ஹாலிவுட்டில்!

இந்தக் கதை யாருக்காகப் பிறந்தது?

எழுத்தாளர் ரிக் ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய மகனுக்கு டிஸ்லெக்சியாவும் ஏ.டி.ஹெச்.டி-யும் இருந்தன. எழுத்துகளை வாசிப்பது கஷ்டம், ஓரிடத்தில் உட்கார்ந்து கவனிப்பதும் கஷ்டம். ஸ்கூலே பிடிக்காத அந்தப் பையனுக்குப் பிடித்த ஒரே விஷயம் கிரேக்கப் புராணம். தூங்கப்போகும்போது அப்பா அந்தக் கதைகளைச் சொல்வார். தெரிந்த கதைகள் தீர்ந்துபோனதும் அவரே ஒரு ஹீரோவை உருவாக்கினார்.

அந்த ஹீரோவுக்கும் அதே இரண்டு பிரச்னைகள். ஆனா, அதற்கு ரியோர்டன் சொன்ன காரணம் வேற லெவல். பெர்சியின் மூளை பழைய கிரேக்க மொழிக்காகவே உருவானது, அதனால்தான் ஆங்கில எழுத்துகள் மிதக்கின்றன. சும்மா உட்கார முடியாதது, போர்க்களத்தில் உயிர் காக்கும் அனிச்சைத் திறன். 2005-ல் புத்தகமாக வந்தபோது பெர்சிக்கு வயசு 12.

படம் எங்கே சறுக்கியது?

டிஸ்லெக்சியா விளக்கத்தைப் படம் விடவில்லை. மாற்றியது வயசை. 12 வயது பெர்சி, திரையில் 16, 17 வயது இளைஞன் ஆனான். லோகன் லெர்மன் நன்றாகவே நடித்தார். சிக்கல் அவரிடம் இல்லை.

மூத்த தெய்வங்களின் வாரிசு ஒருவர் 16 வயதை எட்டும்போது எடுக்கும் முடிவால் ஒலிம்பஸ் காப்பாற்றப்படும், அல்லது அழியும். ஐந்து நாவல்களும் இந்தத் தீர்க்கதரிசனத்தை நோக்கித்தான் நகர்கின்றன. 12-லிருந்து 16 வரை ஓடும் கவுன்ட் டவுன் அது. முதல் படத்திலேயே ஹீரோ அந்த வயசுக்கு வந்துவிட்டால்? கவுன்ட் டவுன் காலி! 2013-ல் வந்த இரண்டாம் பாகத்தில் தீர்க்கதரிசன வயதையே 20 ஆக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வெட்டும் விழுந்தது. நாவலில் திருட்டுக்குப் பின்னால் இருந்து ஆட்டுவிப்பது, ஜீயஸின் அப்பா குரோனஸ். முதல் படத்தில் அவரையே தூக்கிவிட்டார்கள். அதனால் மின்னலைத் திருடும் லூக், தனி ஆளாகக் கோபப்படும் இளைஞனாகச் சுருங்கிப்போனான்.

படம் எடுக்கும் முன்பே, 2009-ல், ரியோர்டன் இதைத் தயாரிப்புத் தரப்புக்கு எழுதியிருந்தார். வயதை ஏற்றினால் தொடர் படங்களுக்கே வழியில்லாமல் போகும் என்பது அவருடைய வாதம். அந்தக் கடிதங்களை 2018-ல் அவரே வெளியிட்டார்.

வசூல்?

சுமார் 9.5 கோடி டாலர் செலவில் உருவான முதல் படம், உலக அளவில் சுமார் 22.6 கோடி டாலர் வசூலித்தது. இரண்டாம் பாகம் சுமார் 20 கோடி டாலர். மூன்றாவது படம் வரவே இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

படங்களைத் தயாரித்த ஃபாக்ஸ் ஸ்டூடியோ 2019-ல் டிஸ்னி கைக்குப் போனது. 2023 டிசம்பரில் டிஸ்னி ப்ளஸ் தளத்தில் கதை வெப் சீரிஸாகத் திரும்பியது. இந்த முறை ரியோர்டனும் உருவாக்கியவர்களில் ஒருவர். பெர்சியாக நடித்த வாக்கர் ஸ்கோபெலுக்குப் படப்பிடிப்பு தொடங்கியபோது 13 வயது. கதையில் பெர்சிக்கு மறுபடியும் 12.

அப்போ 2010 படத்தைப் பார்க்கலாமா? தாராளமா. மெடூசா காட்சிக்கும் லோட்டஸ் கசினோவுக்கும் இன்னும் மவுசு இருக்கு. ஆனா, வாசிக்கத் திணறும் ஒரு குட்டி வீட்டில் இருந்தால், படத்துக்கு முன்னாடி புத்தகத்தை எடுத்து ராத்திரியில் நீங்களே சொல்லுங்க. அது முதல்ல அப்படிச் சொல்லப்பட்ட கதைதான்.