சரக்கை வடிவமைப்பவர் யார்? தீப்பெட்டி முதல் பசுமைப் பட்டாசு வரை

தீப்பெட்டியை எடுத்துக் கொடுக்காத நாள் நம் கடைகளில் இல்லை. எந்தக் கம்பெனிச் சரக்கு, பண்டல் என்ன விலை, சில்லறையில் என்ன நிற்கும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் குச்சி இவ்வளவு நீளம் இருக்க வேண்டும், தலையில் இவ்வளவு மருந்து ஏற வேண்டும், உரசும் பட்டை இவ்வளவு அகலம் வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அதை முடிவு செய்வதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. 'டெக்னிக்கல் புராடக்ட் டிசைனர்' என்று பெரிய நிறுவனங்களில் அழைக்கிறார்கள். நாம் தொழில்நுட்பப் பொருள் வடிவமைப்பாளர் என்று சொல்லலாம்.

டிசைன் என்றாலே நம் வட்டாரத்தில் லேபிள் படம்தான் நினைவுக்கு வரும். சிவகாசி அச்சுத் தொழில் வளர்ந்த விதம் அப்படி. நாம் இங்கே பேசுவது லேபிளுக்கு உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றி. அது எந்தப் பொருளால் ஆனது, எப்படி வேலை செய்கிறது, எத்தனை நாள் தாங்கும், என்ன அடக்கம் ஆகும், யார் கையில் கொடுத்தாலும் ஆபத்தில்லாமல் இருக்குமா என்பவற்றை எல்லாம் தீர்மானிப்பவர்தான் இந்த வடிவமைப்பாளர். 2018-க்குப் பிறகு நம் பகுதியின் வாழ்வும் தாழ்வும் இந்த வேலையைப் பொறுத்தே அமைந்துவிட்டது. ஆகவே வியாபாரிகளாகிய நாமும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தீப்பெட்டிக்குள் இருக்கும் கணக்கு

ஒரு காலத்தில் தீக்குச்சித் தலையில் வெண்பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றும். எலி கடித்தாலும் பற்றும். அதைச் செய்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அரித்துப்போனது. 1844-ல் சுவீடனைச் சேர்ந்த கஸ்டாவ் எரிக் பாஷ் ஒரு வழி கண்டார். பற்றவைக்கும் பொருளைக் குச்சியின் தலையிலிருந்து எடுத்து, ஆபத்துக் குறைந்த சிவப்புப் பாஸ்பரஸாக மாற்றிப் பெட்டியின் பக்கவாட்டில் பூசினார். பொட்டாசியம் குளோரேட் குச்சியில், பாஸ்பரஸ் பெட்டியில் என்று இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் அது பாதுகாப்புத் தீப்பெட்டி ஆயிற்று. வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்தியாவில் தடை செய்த சட்டம் 1913-ல் வந்தது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தொழில் இந்தப் பாதுகாப்புத் தீப்பெட்டித் தொழில்தான். மழை குறைந்த, விவசாயம் கைகொடுக்காத ஒரு வட்டாரம் அதைப் பற்றிக்கொண்டு எழுந்தது.

இன்றைய பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். குச்சியில் மெழுகு ஏற்றியிருப்பார்கள். அது இல்லாவிட்டால் தலை எரிந்து முடிந்ததும் தீ மரத்துக்கு இறங்காமல் அணைந்துவிடும். அணைத்த பிறகு கங்கு நின்று வேறெதையும் பற்றவைக்காமல் இருக்க, பாஸ்பேட் உப்புக் கரைசலில் குச்சியை நனைத்து எடுக்கும் முறை உண்டு. அடிப்பெட்டி இறுக்கமாக இருந்தால் திறக்கும்போது குச்சி கொட்டும். தளர்வாக இருந்தால் பைக்குள்ளேயே திறந்துகொள்ளும். கடைசிக் குச்சி வரைக்கும் பட்டையில் மருந்து மிஞ்ச வேண்டும். இவை ஒன்றும் தானாக அமைந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் ஒருவர் யோசித்து, செய்து பார்த்து, திருத்தியிருக்கிறார்.

ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும்

விலைதான் வடிவமைப்பாளருக்கு முதல் கட்டு. 2007-ல் ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாய் ஆனது. இடைப்பட்ட 14 ஆண்டுகளும் விலை ஒற்றை நாணயத்தோடு கட்டுண்டு கிடந்தது. மெழுகு, அட்டை, குளோரேட், பாஸ்பரஸ் எல்லாம் ஏறின. ஒரு ரூபாய்ச் சரக்கை ஒன்றேகால் ரூபாய்க்கு விற்க முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஏறிய செலவை எல்லாம் பெட்டிக்குள்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

விலை இரட்டிப்பானபோது குச்சிகளின் எண்ணிக்கை 36-லிருந்து 50 ஆக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முன்பு ஒரு குச்சி ஏறத்தாழ 2.8 காசு, பின்பு 4 காசு. பெட்டி விலை நூறு சதவீதம் ஏறியது போலத் தோன்றினாலும் குச்சிக்கு ஏறியது சுமார் 44 சதவீதமே. ஆனால் 36 தடவை உரசத் தாங்கிய பட்டை இனி 50 தடவை தாங்க வேண்டும். குச்சி கூடினால் பெட்டியின் உள்ளளவும் மாறும், அட்டை வெட்டும் அளவும் மாறும். ஒரு எண்ணை மாற்றினால் பத்து இடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது. வடிவமைப்பு வேலையின் கஷ்டமே இதுதான்.

அடுத்து லைட்டர் வந்தது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிக்கு ஈடாகிறது என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு எழுதினார். இருபது பெட்டிக்கு நாற்பது ரூபாய், லைட்டருக்குப் பத்து ரூபாய் என்றால் வாடிக்கையாளர் எதைக் கேட்பார்? இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூன் மாத இறுதியில் தடை வந்தது. தொழிலுக்கு இது ஒரு மூச்சு. ஆனால் சட்டம் அவகாசம் தரும், சரக்கைச் செய்து தராது. அடுப்படிக்கும், பூஜை அறைக்கும், மழைக்கால ஈரத்துக்கும் லைட்டரை விட ஏற்றதாகத் தீப்பெட்டியை எப்படி ஆக்குவது என்று யோசிக்க வேண்டியவர் வடிவமைப்பாளர்.

பட்டாசில் வடிவமே சத்தம்

பட்டாசில் இந்த வேலை இன்னும் நுட்பமானது. புஸ்வாணத்தின் வாய் குறுகலாக இருப்பதால்தான் பொறி உயரே எழுகிறது. ராக்கெட்டுக்குக் குச்சி இல்லாவிட்டால் அது தாறுமாறாக ஓடும். அணுகுண்டில் சணலைச் சுற்றும் இறுக்கம் கூடினால், அதே மருந்துக்குச் சத்தம் கூடும்.

அந்தச் சத்தத்துக்கு 1999-ல் மத்திய அரசு எல்லை வைத்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 15 மீட்டர் வரை எதிரொலிக்கும் சுவர் இல்லாத திறந்த வெளியில், கெட்டியான கான்கிரீட் தரையில் வைத்து அளக்க வேண்டும். டெசிபல் கணக்கு நம் ரூபாய்க் கணக்கைப் போன்றது அல்ல. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. கொஞ்சம் கூடினால் என்ன என்று விட முடியாது.

மருந்திலும் எல்லைகள் உண்டு. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்தால் சிறு உராய்விலேயே வெடிக்கும். அந்தக் கலவை உள்ள வெடிபொருளை 1992-ல் அரசு தடை செய்தது. கள்ளத்தனமாக வந்த சீனப் பட்டாசை நாம் எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறக் கூடும். ஆகவே கலவையை எழுதுகிறவர், அதைக் கலக்கப்போகும் கைகளையும் நினைத்தே எழுத வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரைப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகும் விபத்துகள் நின்றபாடில்லை. ஒரு ரகம் கடையில் எவ்வளவு ஓடும் என்று பார்ப்பதற்கு முன், அதைச் செய்யும் அறையில் நாலு பேர் நிம்மதியாக உட்கார முடியுமா என்று பார்ப்பதுதான் நல்ல வடிவமைப்பு.

2018 தீர்ப்பும் பசுமைப் பட்டாசும்

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நம் பகுதியை உலுக்கியது. சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது, மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்று உத்தரவாயிற்று.

பேரியம் நைட்ரேட் என்பது பச்சை நிறத்துக்கு மட்டுமான பொருள் அல்ல. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவதும் அதுதான். எளிதில் ஈரம் இழுக்காது. கம்பி மத்தாப்பு முதல் பல ரகங்கள் அதை நம்பியே இருந்தன. அதை எடுத்துவிட்டு வேறு நைட்ரேட்டை வைத்தால் நிறம் மாறும், எரியும் வேகம் மாறும், மழைக்காலத்தில் தாங்குமா என்ற கேள்வி வரும். நெடுங்காலப் பழக்கத்தில் போர்மேன்கள் கைக்கணக்காக வைத்திருந்ததை எல்லாம் புதிதாகச் சோதிக்க வேண்டியதாயிற்று.

இந்த வேலையில் இறங்கியது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நீரி என்னும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம். சுவாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகைகளை உருவாக்கினார்கள். சுவாஸ் வெடிக்கும்போது நீராவியை வெளியிட்டுத் தூசியை அடக்கும். ஸ்டார் வகையில் பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் இல்லை. சஃபல் வகையில் அலுமினியம் குறைவு. பழைய பட்டாசைவிடத் தூசி குறைந்தது 30 சதவீதம் குறைய வேண்டும் என்பது அளவுகோல். 2019 அக்டோபர் 5 அன்று இவை வெளியிடப்பட்டன. அதற்குள் சுமார் 230 உற்பத்தியாளர்கள் நீரியுடன் ஒப்பந்தம் செய்திருந்தனர். மூலப்பொருள்களைச் சோதிக்க சிவகாசியிலேயே ஆய்வுக்கூடமும் அமைந்தது.

தடைக்கு வழக்காடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை ஆலைகளும் அவற்றை நம்பிய கடைகளும் இன்று திறந்திருப்பதற்கு, புதிய எல்லைக்குள் சரக்கை மாற்றிக் காட்டியதும் முக்கியக் காரணம். 2025 அக்டோபரில் டெல்லி வட்டாரத்தில் தீபாவளியை ஒட்டிச் சில நாட்களுக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தபோது, அதுவும் பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே கிடைத்தது.

வேலை நடக்கும் விதம்

வடிவமைப்பாளர் முதலில் எல்லைகளை எழுதி வைக்கிறார். சட்டம் என்ன சொல்கிறது, விலை என்ன, யார் பயன்படுத்துவார், எங்கே எத்தனை மாதம் இருப்பு வைப்பார் என்பவை அதில் வரும். பிறகு அளவுகளோடு வரைபடம். இப்போது இது கம்ப்யூட்டரில் நடக்கிறது. அடுத்து மாதிரி செய்து சோதனை. தேறாததைத் தள்ளிவிட்டு மறுபடியும் செய்வார். தேறினால் அடக்க விலை போடுவார். கடைசியில் தொழிலாளர் புரிந்துகொள்ளும்படி செய்முறைத் தாள் எழுதுவார். அதோடு வேலை முடியவில்லை. சரக்கு கடைக்கு வந்த பிறகு வரும் குறைகளைக் கேட்டுத் திருத்துவதும் அவர் பொறுப்பே.

நம் பங்கு என்ன?

இந்தக் கடைசிப் படியில்தான் நாம் வருகிறோம். குச்சி பற்றவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் வேறு பெட்டி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தக் குறை ஆலைக்குப் போய்ச் சேருவதில்லை. அடுத்த லோடிலும் அதே குறை வருகிறது. நட்டம் நமக்கும்தான்.

ஆகவே கடையில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். சரக்கின் பெயர், வந்த தேதி, வைத்திருந்த இடம், என்ன குறை என்று நாலு வரி போதும். வைத்த இடத்தையும் மறக்காமல் எழுத வேண்டும். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் தரையோடு அடுக்கிய தீப்பெட்டி நமத்தால் அது ஆலையின் குற்றம் ஆகாது. மாதம் ஒருமுறை அதை மொத்த வியாபாரி மூலமாகவோ நேரிலோ ஆலைக்குத் தெரிவியுங்கள்.

பட்டாசு கொள்முதல் செய்யும்போது பெட்டியில் பசுமைப் பட்டாசுச் சின்னமும் கியூ.ஆர். குறியும் உள்ளனவா என்று பாருங்கள். பட்டாசுப் பெட்டியில் வேதிப்பொருள் விவரம் இருக்க வேண்டும் என்று 2005 ஜூலை 18 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியுள்ளது. விலை மலிவு என்று விவரமில்லாத சரக்கை எடுத்தால், ஒழுங்காகச் சோதித்துச் செய்தவரின் உழைப்பை நாமே அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறோம். லைசென்சுக்கும் ஆபத்து.

பிள்ளைகளுக்கு ஒரு வழி

இதற்கென்று படிப்பு இருக்கிறது. அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமும், மும்பை ஐ.ஐ.டி.யில் 1969-ல் தொடங்கிய வடிவமைப்பு மையமும் முன்னோடிகள். நம் மாநிலத்தில் காஞ்சிபுரத்தின் பெயரில் 2007-ல் அமைந்த மத்திய அரசுத் தொழில்நுட்பக் கழகம், வடிவமைப்புக்கும் உற்பத்திக்கும் என்றே ஏற்பட்டது. ஐ.ஐ.டி.களில் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கு 'யூசீட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வேதியியல், இயந்திரவியல் படித்த பிள்ளைகளுக்கும் ஆலைகளில் இந்த வேலை உண்டு.

கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு எந்தச் சரக்கு ஏன் திரும்பி வருகிறது என்பது சொல்லித் தராமலே தெரியும். அந்தப் பிள்ளை இந்தப் படிப்பையும் படித்துவிட்டுச் சொந்த ஊர் ஆலைக்கே வந்தால், அடுத்த முறை எல்லை மாறும்போது நாம் திகைத்து நிற்க வேண்டியதில்லை. உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் மேல்நிலைப் படிப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.