அடிடாஸுக்கு முதலெழுத்து பெரிதா, சிறிதா?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஹெர்சோகனாராக் என்றொரு சிறிய ஊர். அங்கே ஒன்றாகக் காலணித் தொழில் நடத்திவந்த அண்ணன் தம்பி இருவர் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அண்ணன் ருடால்ஃப் டாஸ்லர் 1948இல் பூமாவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தம்பி அடால்ஃப், ‘அடி’ என்ற தன் செல்லப் பெயரோடு குடும்பப் பெயரின் முன்பாதியை ஒட்டி அடிடாஸைப் பதிவு செய்தார். இரண்டு கம்பெனிகளின் முத்திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிடாஸின் ஆறு ஆங்கில எழுத்துகளும் சிறியவை. பூமாவின் நான்கும் பெரியவை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இரண்டுக்கும் கட்டுரை உண்டு. தலைப்பில் மட்டும் பங்காளிகள் ஒன்றுபோல நிற்கிறார்கள்: முதலெழுத்து பெரியது, மற்றவை சிறியவை. ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் எப்படி எழுதுவோமோ அப்படி. வணிகக் குறிகளுக்கென்றே அங்கே ஒரு நடைவிதி இருக்கிறது. உரிமையாளர் எப்படி எழுதச் சொன்னாலும் வழக்கமான ஆங்கில எழுத்துமுறையையே பின்பற்ற வேண்டும். பல வடிவங்கள் புழங்கினால் இயல்பான ஆங்கிலத்துக்கு நெருக்கமானதை எடுக்க வேண்டும். யாரும் எழுதாத வடிவத்தைப் புதிதாக உண்டாக்கக் கூடாது.

இந்த விதி சரி என்பதே என் கட்சி. முத்திரை என்பது கண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காக வரைந்த படம். அதை அப்படியே வாக்கியத்துக்குள் கொண்டுவந்தால், முழுக்கப் பெரிய எழுத்தில் நிற்கும் பெயர் பக்கத்துப் பெயர்களைவிட முக்கியமானதாகத் தோன்றும். கம்பெனிக்குக் காசில்லாத விளம்பரம். முழுக்கச் சிறிய எழுத்தில் வந்தாலோ, அது ஒரு பெயர் என்பதே வாசகருக்குச் சட்டென்று பிடிபடாது.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. டென்மார்க்கின் லெகோ, தன் பெயரை எப்போதும் பெரிய எழுத்துகளிலேயே எழுதச் சொல்கிறது; பன்மை விகுதியும் சேர்க்கக் கூடாது என்கிறது. அந்தப் பயம் வீண் பயமில்லை. எஸ்கலேட்டர் ஒரு காலத்தில் ஓட்டிஸ் கம்பெனியின் வணிகக் குறி. நகரும் படிக்கட்டு எதுவானாலும் ஊரே அப்படிச் சொல்ல, ஓட்டிஸும் தன் விளம்பரங்களில் அதைப் பொதுச்சொல்லாகவே எழுதிவைக்க, 1950இல் அமெரிக்காவில் அந்த உரிமை பறிபோனது. ஆஸ்பிரினுக்கு 1921இலேயே அங்கே அந்தக் கதி நேர்ந்தது. ஆனால் பெயரைக் காப்பாற்றுவது கம்பெனி வக்கீலின் வேலை. கலைக்களஞ்சியத்துக்கு எழுதுபவர் அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவில் லெகோவுக்கும் முதலெழுத்து மட்டும்தான் பெரியது.

ஐபோனும் ஈபேயும் வேறு வகை. முதலெழுத்து சிறியது, இரண்டாவது பெரியது. அந்த முதலெழுத்தை நாம் தனியாக உச்சரிக்கிறோம். அடுத்து வரும் பெரிய எழுத்து இது பெயர்தான் என்று காட்டிவிடுகிறது. பத்திரிகைகளும் அப்படியே எழுதிப் பழகிவிட்டன. ஆகவே விதி வளைந்துகொடுக்கிறது. வளைந்துகொடுக்காதது மென்பொருள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, எந்தத் தலைப்பானாலும் முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். ஐபோன் கட்டுரையைத் திறந்து பாருங்கள்: பக்கத்தின் தலைப்பில் ‘ஐ’ சிறியது, உலாவியின் முகவரிப் பட்டையில் அதே ‘ஐ’ பெரியது! தலைப்பைச் சிறிய எழுத்தில் காட்டும்படி பக்கத்துக்குள் தனியாக ஒரு கட்டளை எழுதியிருக்கிறார்கள்.

வாக்கியமே இப்படிப்பட்ட பெயரில் தொடங்கினால்? அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு முதலெழுத்தைப் பெரிதாக்கச் சொல்கிறது. சிகாகோ நடைக்கையேடு, 2010இல் வந்த 16ஆம் பதிப்பில், சிறியதாகவே விடலாம் என்றது. நான் சிகாகோ பக்கம். பெயர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் உருவம் மாறினால் வாசகர்தான் தடுமாறுவார்.

முதலெழுத்துகளைக் கோத்து வந்த பெயர்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஐகியா என்பது நிறுவனர் இங்வார் காம்ப்ராட், அவருடைய பண்ணை எல்ம்டாரிட், ஊர் அகுன்னாரிட் ஆகியவற்றின் முதலெழுத்துகள். விக்கிப்பீடியா அந்த நான்கு ஆங்கில எழுத்துகளையும் பெரிதாக எழுதுகிறது. லண்டனின் கார்டியன் நாளிதழ் முதலெழுத்தை மட்டும். இத்தாலியின் ஃபியட்டும் அப்படிக் கோத்த பெயர்தான், ஆனால் விக்கிப்பீடியாவில் அதற்கு ஒரே பெரிய எழுத்து. இலக்கணம் இங்கே கைகொடுக்காது. புழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க விக்கிப்பீடியாவில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தலைப்பை மாற்ற விரும்புபவர் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வைப்பார். பொதுவாக 7 நாள் விவாதம். கடைசியில் வாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் முடிவு சொல்வார். தலையெண்ணிக்கை அங்கே செல்லாது. கம்பெனியின் சொந்தத் தளத்தைக் காட்டினாலும் எடுபடாது. கம்பெனியோடு சம்பந்தமில்லாத நாளிதழ்களும் நூல்களும் எப்படி எழுதுகின்றன என்று காட்டுபவரின் பேச்சுக்குத்தான் எடை.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்தை வைத்து இதே வழக்கு நடக்கிறது: அடிடாஸ் என்பதா, அடிடாசு என்பதா? இரு தரப்பிலும் மொழிப்பற்று உள்ளவர்களே இருக்கிறார்கள். அடுத்தமுறை நீங்கள் அங்கே ஒரு தலைப்பை மாற்றப் போனால், முதலில் தமிழ் நாளிதழ்களும் நூல்களும் அந்தப் பெயரை எப்படி எழுதுகின்றன என்று பாருங்கள். கண்டதைப் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். பழைய வடிவத்தை அழிக்காமல், அதைத் தேடி வருபவரைப் புதிய தலைப்புக்குக் கொண்டுசேர்க்கும் வழிமாற்றாக விட்டுவையுங்கள்.